புத்தகம் வராமல் தேங்காய் இல்லை

சின்னையா என்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். என் மேல் இருக்கிற பாசத்தில் அப்படிச் சொல்கிறார்கள். உண்மை அதுவல்ல. அந்த ஆள் உள்ள விஷயத்தை என் முகத்துக்கு நேரே சொன்னான். நான்தான் கேட்டு, யோசித்து, தலையை ஆட்டி, ஆறு தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்து, யாரோ ஒருவருடைய காரை வாங்கினேன். பிறர் உதவி இல்லாமல் இப்படி ஒரு காரியத்தைச் செய்து முடிக்க எல்லாராலும் ஆகாது.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எனக்கு இருபது வயது. வயிற்றில் மூத்தவன், மூன்றாம் மாதம். ஒரு நாள் அவர் கையில் ஓர் இங்கிலீஷ் கடிதத்தோடு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வரும், கையெழுத்துப் போட வரும் (அந்தக் குடியிருப்பில் பெருவிரல் உருட்டாத பெண் நான் ஒருத்திதான், அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு). இங்கிலீஷ் வராது. ஆகவே சாலைக்கு எதிர்ப்புறம் வாடகை வீட்டில் இருந்த கிராணி (குமாஸ்தா) கந்தையா வீட்டுக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். டவுனில் ஏதோ வெள்ளைக்காரன் ஆபீசில் கணக்குப் பார்க்கிறார் என்பது மட்டும் தெரியும். சம்பள உயர்வாக இருக்கும் என்று நினைத்து, போகும்போது நாலு வாழைப்பழம்கூட வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

"உங்கட மனுசனை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள், பிள்ளை. வீட்டையும் விடச் சொல்லியிருக்கு" என்றாள். அப்புறம் நான் கொண்டுபோன வாழைப்பழத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நீங்களே சாப்பிடுங்கோ, இனித் தேவைப்படும்" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த நல்ல மனசைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இனி இந்த வீட்டுப் படியை ஒரு காகிதத்தோடு மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சபதம் செய்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் தவறாமல் காப்பாற்றிய ஒரே சபதம் அது.

வேலை போனவர்களுக்கு இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சும்மா கப்பல் டிக்கெட் கொடுத்தார்கள். குடியிருப்பு வரிசை வரிசையாகக் காலியானது. போனவர்கள் விட்டுப்போன நாய்கள் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் படுத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பாக்கியம் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. அவள் குடும்பமும் பெயர் கொடுத்துவிட்டுத் தேதிக்குக் காத்திருந்தது. எங்களுக்கும் டிக்கெட் வந்தது. நான் போக மாட்டேன் என்றேன். ஊரில் எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா கிடையாது. அம்மா, அண்ணன் நிழலில் இருந்தாள். அண்ணி சோற்றைத் தட்டில் வைக்கும்போது எண்ணி வைக்கிறவள். அந்த வீட்டில் பிள்ளையோடு போய் நிற்பதைவிட இங்கே மண்ணைத் தின்னலாம் என்றேன். அவர் டிக்கெட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சரி என்றார்.

கிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டு போனோம். அந்தக் கடையில் சாப்பிட வருகிறவன்தான் சின்னையா. வாடகைக் கார் ஓட்டுகிறவன். துணிக் கூரை போட்ட கறுப்புக் கார். இஞ்சின் இருமிக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் சும்மா இருக்க முடியாமல் அதைத் திறந்து சரிசெய்து கொடுத்தார். அப்படியே ஓட்டவும் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டார். ஒரு நாள் சின்னையா, தான் ஊருக்கே போய்விடப் போவதாகவும், காரை விற்கப் போவதாகவும் சொன்னான். எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. கார் இருந்தால் கிளாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சவாரி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். கப்பல் ஏற வேண்டாம். என்னிடம் இருந்தது கல்யாணத்துக்கு அம்மா போட்டு அனுப்பிய ஆறு வளையல்.

பேரம் பேசியது நான். என் வீட்டுக்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

சின்னையா அப்போதுதான் சொன்னான். "தங்கச்சி, ஒண்ணு சொல்லிடறேன். காரு கம்பெனியில தவணைக்கு எடுத்தது. இன்னும் கொஞ்சம் பாக்கி நிக்குது. அத நான் கட்டிக்கிறேன்."

கார்ப் பதிவுப் புத்தகம் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அது கம்பெனி அலமாரியில் இருக்கிறது, பாக்கி முடிந்ததும் தருவார்கள் என்றான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எனக்கு அடகுக்கடை நன்றாகத் தெரியும். மாசக் கடைசியில் வளையலை எடுத்துக்கொண்டு போய், அடகுக்காரச் சீனரின் ஆள் உயர மேடைக்கு முன்னால் நுனிக்காலில் நின்று, கையைத் தூக்கி உள்ளே நீட்டியிருக்கிறேன். கடன் வாங்கினால் பொருள் அவனுடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். கையில் சீட்டு மட்டும் வரும். கடனை அடைத்தால் சீட்டு அவனுக்கு, பொருள் நமக்கு. அப்படியானால் இந்தக் கார்? இது சின்னையா கையில் இருக்கிறது, தெருவில் ஓடுகிறது. கம்பெனி வைத்திருப்பது வெறும் புத்தகம். பொருளை இவனிடம் விட்டுவிட்டுச் சீட்டைத் தான் வைத்துக்கொண்டிருக்கிற கம்பெனிக்காரனை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு விவரம் கெட்ட வெள்ளைக்காரனா என்று.

"பாக்கி உன் பாடு. வண்டி எங்க கையில. புத்தகத்த வெச்சா சவாரி போக முடியும்?" என்றேன்.

சின்னையா என்னை ஒரு நொடி பார்த்தான். (அந்த ஒரு நொடியில் அவனுக்கே என் மேல் இரக்கம் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.)

என் வீட்டுக்காரர் மட்டும், கந்தையா ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று இழுத்தார். எனக்கு வாழைப்பழம் ஞாபகம் வந்தது. அந்த வீட்டுக்குப் போனால் நான் கிணற்றில் விழுவேன் என்றேன். (நாங்கள் இருந்த இடத்தில் குழாய்தான், கிணறு இல்லை. அவரும் அதைச் சொல்லவில்லை.) வெற்றிலை மாற்றிக்கொண்டோம். சாப்பாட்டுக் கடைக்காரர் தமிழில் எழுதிய காகிதத்தில் இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். நான் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பூசை. காருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்தேன். அது ஒரே அடியில் நேர்பாதியாக உடைந்தது. கடைத்தெருவே நல்ல சகுனம் என்றது. கையில் வளையல் இருந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு கோடாக இருந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குப் பெருமைதான். முதல் சவாரிக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் கந்தையா வீட்டுக்கு முன்னால் ஹாரனை அமுக்கச் சொன்னேன். கிராணி மனைவி வெளியே வந்து பார்க்கிற வரைக்கும் அந்தத் தெருவில் மூன்று தடவை போய்வந்தோம். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலே அவளை முழுசாகப் பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. சின்னையா ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டான். பாக்கியம் குடும்பத்துக்கும் தேதி வந்தது. எல்லாரும் ரயிலில் துறைமுகத்துக்குப் போவார்கள். பாக்கியத்தை நான் ரயிலில் போக விடுவேனா? என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். கட்டாயப்படுத்தினேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை போன அத்தனை பேர் கூடியிருக்கிற இடத்தில் நான் காரில் போய் இறங்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

போர்ட் சுவெட்டன்ஹாம் போகிற வழி முழுக்க பாக்கியத்தின் சின்ன மகள் என் மடியில் இருந்தாள். மூன்று வயசு. கையை நீட்டி ஹாரன் உருண்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆடு நின்றாலும் அடித்தாள், ஆள் இல்லாவிட்டாலும் அடித்தாள். பாக்கியம் அதட்டினாள். அடிக்கட்டும் விடு என்றேன்.

துறைமுகக் கொட்டகையில் கூட்டம் கூட்டமாக மூட்டைகள், பிள்ளைகள், பித்தளைக் குடங்கள். யாரும் சத்தம் போடவில்லை. நாங்கள் கார் சத்தத்தோடு உள்ளே போய் நின்றோம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். எதிரே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகக் கிராணி கந்தையா நின்றார். பக்கத்தில் ஒரு மலாய் டிரைவர்.

நம்மைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் (அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது). அவர் என்னைப் பார்க்கவில்லை. கார் நம்பரைப் பார்த்தார், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், மறுபடி நம்பரைப் பார்த்தார். சின்னையா எங்கே என்று கேட்டார்.

அவர் வேலை பார்த்தது அந்தக் கார்க் கம்பெனியில்தான். சின்னையா தவணை கட்டாமல் விட்டு மாதக்கணக்காகிவிட்டது. கடன் நிற்கிறவர்கள் கப்பல் ஏறித் தப்பிப்பதால், ஒவ்வொரு கப்பலுக்கும் ஆளைத் தேடிக் கம்பெனி கந்தையாவை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆள் முந்தின கப்பலிலேயே போய்விட்டான். என் வளையல்கள் எனக்கு முன்னாலேயே இந்தியா போய்ச் சேர்ந்திருந்தன. காரை எங்கே போய்த் தேடுவது என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், நான் அதைக் கழுவித் துடைத்து, பூ வைத்து, ஹாரன் அடித்து, அவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தமிழ்க் காகிதத்தை எடுத்து நீட்டினார். கந்தையா அதை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"அம்மா, இந்தக் கார் சின்னையாட இல்லை. அவர் வாடகைக்கு எடுத்தவர் மாதிரித்தான். கடைசித் தவணை கட்டும்வரைக்கும் இது கம்பெனிட சொத்து. புத்தகத்தில கம்பெனிட உரிமை பதிஞ்சு கிடக்கு. தன்ர இல்லாததை அவர் எப்பிடி உங்களுக்கு வித்தவர்?"

"வளையல அடகு வெச்சா வளையல் கடையிலதானே இருக்கும்? வண்டி எங்ககிட்டதானே இருந்துச்சு?" என்றேன்.

"வளையலைப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கலாம். காரைப் பூட்டி வச்சா ஓட்டுறவன் எப்பிடிக் காசு கட்டுறது? அதாலதான் காரை வெளியில விட்டுட்டுப் புத்தகத்தைப் பிடிச்சு வச்சிருக்கினம். புத்தகம் ஆரிட்டயோ கார் அவையின்ர."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மனுசி சொன்னவ, நீங்கள் கார் வாங்கினனீங்கள் எண்டு. எனக்கு நல்ல சந்தோசம். ஒருக்கா அந்தக் காகிதத்தை வீட்ட கொண்டுவந்து காட்டியிருக்கலாம்" என்றார்.

வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லவா?

எங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். காரில் மாட்டியிருந்த முருகன் படத்தை எடுத்துக்கொண்டேன். மலாய் டிரைவர் முன்னால் போய் ஸ்டார்ட் கம்பியைச் சுழற்றினார். கார் அசையவில்லை. ஐந்து தடவை, பத்து தடவை. அவர் சட்டை நனைந்துவிட்டது. கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வட்டமாக நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நசுக்கிய எலுமிச்சம்பழத்துக்கு இப்போதாவது பலன் வந்ததே, இந்த இடத்திலேயே கிடந்து துருப்பிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு இஞ்சினை ஒருத்தன் தப்பாகக் கையாளுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது அவருக்கு ஒரு வியாதி. "கம்பிய அப்படி இழுக்காதீங்கண்ணே, கைய ஒடிச்சிரும்" என்று போய், மூடியைத் திறந்து, உள்ளே எதையோ விரலால் அழுத்தி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். கார் உடனே கிளம்பியது. அவருடைய காரைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவரே கிளப்பிக் கொடுத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதோடு நிற்காமல், மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில் விட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

கார் போன இடத்தில் நசுங்கின பூ கிடந்தது. பாக்கியத்தின் மகள், பூம் பூம் எங்கே என்று கேட்டு அழுதாள். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். நாங்களும் என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தோம். வரிசை முன்னால் போகப் போக, பட்டியல் வைத்திருந்த ஆள் எங்களிடம் டிக்கெட் கேட்டார்.

என் வீட்டுக்காரர் கோட்டுப் பையில் கையை விட்டார். டிக்கெட்டை எடுத்தார். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை அந்த மனுஷன். அத்தனை மாதமும் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் காரை ஓட்டியிருக்கிறார்.

"இன்னும் செல்லும். ஏறிடலாமா அஞ்சல?" என்றார்.

கல்யாணமாகி அன்றைக்குத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கப்பலைப் பார்த்தேன். வெறுங்கையைப் பார்த்தேன். அண்ணி எண்ணி வைக்கிற சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வெறுங்கையோட எங்கம்மா முன்னாடி போய் நிக்க மாட்டேன். நடங்க" என்றேன்.

தைரியத்தில் சொல்லவில்லை. வெட்கத்தில் சொன்னேன். இரண்டும் வெளியே பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஏழு மாத வயிற்றோடு, முருகன் படத்தைத் தூக்கிக்கொண்டு கிளாங் வரைக்கும் நடந்தோம். வழியில் அவர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. டிக்கெட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. கால் வீங்கி, இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை.

பாக்கியத்திடமிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். சின்ன மகள் கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். கடலில் விட்டார்களாம். கடைசி நாள் வரைக்கும் கையை உருண்டை பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு பூம் பூம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை யாருக்கும் நான் படித்துக் காட்டியதில்லை.

காரை எடுத்துப் போன ஒரு வாரத்தில் கந்தையா எங்களைத் தேடிக்கொண்டு கிளாங்குக்கே வந்தார். அந்தக் காரைக் கம்பெனியில் வேறு யாராலும் கிளப்ப முடியவில்லையாம். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனிப் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். தவணை தவறியவர்கள் காரைப் போய் எடுத்து வருகிற வேலையும் அதோடு சேர்ந்தது. செமினியிலும் காஜாங்கிலும் வீட்டு வாசலில் நிற்கிற காரை எடுக்கப் போகும்போது, முதலில் சாமி படத்தை எடுத்து வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் காரைத் தொடுவார். அப்படி வந்த நாட்களில் இரவு சாப்பிட மாட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் மூத்தவனைப் பெற்று வளர்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கந்தையா மனைவிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

கார் போன பிறகு எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கடனில் வாங்கிய காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கலாம், குங்குமம் வைக்கலாம். தேங்காய் மட்டும் உடைக்கக் கூடாது. கடைசித் தவணை கட்டி, புத்தகம் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் தேங்காய். யாரோ ஒருவன் சொத்துக்கு நான் ஏன் தேங்காய் உடைக்க வேண்டும்?

மூத்தவன் பெட்டாலிங் ஜெயாவில் வீடு வாங்கிப் போய், அங்கே முதல் காரும் பாங்குக் கடனில் வாங்கினான். பூசைக்கு வாங்கின தேங்காயைப் பின்கட்டில் எடுத்து வைத்தேன். அவன் தவணை கட்டினான், கட்டாமல் விட்டான், மறுபடி கட்டினான். தேங்காய் பொறுத்துப் பார்த்துவிட்டு முளைத்துவிட்டது. எடுத்துக் கொல்லையில் நட்டேன். கார் தேய்ந்துகொண்டே வந்தது, தென்னை வளர்ந்துகொண்டே வந்தது. புத்தகம் வீட்டுக்கு வந்தபோது மரம் காய்த்திருந்தது. அந்த மரத்துக் காயைத்தான் உடைத்தோம். கார் அன்றைக்குக் கிளம்பவில்லை. பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, துறைமுகத்துச் சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதை நினைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். எனக்கும் வந்தது.

கார் போனால் போகட்டும், மரமாவது யார் பாக்கியும் இல்லாமல் நம்முடையது என்று அப்போது சொன்னேன்.

மூத்தவன் தலையைச் சொறிந்தான். "அம்மா, வீட்டு லோன் இன்னும் முடியல லா. கிராண்டு, நெலப் பத்திரம், பாங்குலதான் இருக்கு. மரம் நிக்கிற மண்ணும் அவங்களுதுதான்."

சரி, அவர்கள் மண்ணில் காய்த்தது, முறைப்படி செய்வோம் என்று நல்ல காயாக ஒன்றை எடுத்து, குடுமி விட்டு உரித்து, அடுத்த மாதம் அவன் தவணை கட்டப் போகும்போது பையில் போட்டு அனுப்பினேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டாளாம். வந்து சொன்னான்.

ரசீது எங்கே என்று கேட்டேன்.

அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கேட்டது கேட்டதுதான்.